புகை சொல்லும் செய்தி: டேர்போ எஞ்சினைத் திறக்குமுன் பார்க்க வேண்டியவை

நோயாளி வைத்தியரிடம் போனால் அவர் முதலில் நாக்கை நீட்டச் சொல்கிறார், கண் இமையை விரித்துப் பார்க்கிறார், நாடியைப் பிடிக்கிறார், எத்தனை நாளாக, எந்த நேரத்தில் வருகிறது என்று கேட்கிறார். எடுத்த எடுப்பிலேயே கத்தியைத் தூக்குவதில்லை. ஆனால் எமது வாகனம் புகைக்கத் தொடங்கினால் நாம் என்ன செய்கிறோம்? கராஜில் கொண்டுபோய் விடுகிறோம். "எஞ்சின் இறக்க வேண்டும்" என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் காணி உறுதியையோ நகையையோ தேடி ஓடுகிறோம்.

இந்த அவசரம் எமது மக்களுக்கு எவ்வளவு இழப்பை உண்டாக்குகிறது என்பதை நாம் கண்டு வருகிறோம். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து நகர்ந்து போன குடும்பங்கள், உழவு இயந்திரங்களையும் லொறிகளையும் முள்ளிவாய்க்கால் வரை இழுத்துச் சென்று, அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையுடன் வெளியே வந்தன. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. காணிக்குத் திரும்பியவர்களும், சொந்தக் காணி இன்னும் கிடைக்காமல் வேறிடத்தில் தொழில் செய்பவர்களும் கடனிலும் லீசிங்கிலும் பழைய வான், சிறு லொறி, உழவு இயந்திரம் என்று வாங்கித்தான் மீண்டும் தொடங்கினார்கள். அந்த வாகனம் ஒரு கிழமை நின்றால் தோட்டத்து மரக்கறி வாடிப்போகும். ஆனால் லீசிங் தவணை ஒரு நாளும் நிற்பதில்லை.

ஆகவே எஞ்சினைத் திறக்கும் முன்னர் புகையைப் படிக்கப் பழகுவோம். இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கண், மூக்கு, காது, ஒரு கொப்பி, ஒரு பேனா போதும்.

மூன்று குடும்பங்களின் வான்

விசுவமடுப் பக்கத்தில் எமக்குத் தெரிந்த மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பழைய டீசல் வான் வாங்கியிருந்தன. டேர்போ பூட்டிய எஞ்சின். மிளகாய், கத்தரி, வெண்டி என்று கிளிநொச்சிச் சந்தைக்கு ஏற்றிப் போவார்கள். 2022இல் எரிபொருள் கிடைக்காமல் வான் பல கிழமைகள் மாமரத்தின் கீழ் நின்றது. மீண்டும் ஓடத் தொடங்கியபோது நீலப் புகை எழுந்தது. சந்தையில் சற்று நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பின் அக்சிலேற்றரை மிதித்தால் பின்னால் நிற்பவரைக் காணமுடியாத அளவுக்குப் புகை. ஒயிலும் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு கராஜில் காட்டினார்கள். ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தபோது உள்ளிருந்து புகை வேகமாக ஊதியது. "பிஸ்டன் றிங் போய்விட்டது, எஞ்சின் இறக்க வேண்டும்" என்றார்கள். இன்னொரு கராஜில் "டேர்போ போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு போகத்து நெல் முழுவதையும் விற்றாலும் போதாது. மூவரும் எம்மிடம் வந்தபோது கேட்ட கேள்வி எஞ்சினைப் பற்றியதல்ல. கடன் எங்கே எடுக்கலாம் என்பதே.

அந்த வானுக்கு உண்மையில் என்ன நடந்தது என்பதைப் பின்னர் சொல்கிறோம். அதை விளங்கிக்கொள்ள முதலில் டேர்போவை விளங்கிக்கொள்ள வேண்டும்.

டேர்போ என்பது என்ன?

அடுப்பு நன்றாக எரிய விறகு மட்டும் போதாது, காற்றும் வேண்டும். புகைந்துகொண்டிருக்கும் அடுப்பை அம்மா ஊதுகுழலால் ஊதினால் சுவாலை எழுகிறது. எஞ்சினுக்கு டேர்போ அப்படியான ஒரு ஊதுகுழல். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் இருக்கிறது. அது வெளிக்காற்றை இழுத்து நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்றுக் கூடினால் டீசலும் கூடுதலாக எரியும்; சிறிய எஞ்சின் பெரிய பாரத்தை இழுக்கும். வீணாகப் போகும் புகையையே வேலைக்கு வைக்கும் இந்த யோசனைக்கு சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூகி என்ற பொறியியலாளர் 1905இல் காப்புரிமை பெற்றார். 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனம் டேர்போ டீசல் காரை விற்பனைக்கு விட்டது. இன்று வன்னி வீதிகளில் ஓடும் வான்கள், பிக்கப்புகள், சிறு லொறிகள் பலவற்றில் டேர்போ உண்டு.

இங்கே மனதில் பதிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. டேர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கும் மேலாகச் சுழலக்கூடியது. அந்த வேகத்தில் அது மெல்லிய ஒயில் படலத்தின் மேல் மிதந்துதான் சுழல்கிறது. ஒயில் ஒரு சிறு குழாயால் அழுத்தத்துடன் வருகிறது. தண்டை நனைத்தபின் கீழேயுள்ள சற்றுப் பெரிய குழாயால், மழைநீர் பீலியில் வடிவதுபோல, தானாகவே எஞ்சினின் ஒயில் தொட்டிக்கு வடிகிறது. இந்த வடிகாலில் தடை ஏற்பட்டால் ஒயில் தேங்கும். தேங்கிய ஒயில் தண்டின் இரு முனைகளிலும் உள்ள சீல்களைத் தாண்டி, ஒரு பக்கம் காற்றுக் குழாய்க்குள்ளும் மறு பக்கம் புகைக் குழாய்க்குள்ளும் வழியும். இரண்டு வழியாலும் நீலப் புகையாகவே வெளிவரும்.

இனி நிறத்துக்கு வருவோம்.

கறுப்புப் புகை: காற்றுக் குறைவு, அல்லது டீசல் அதிகம்

கறுப்புப் புகை எரியாமல் மிஞ்சிய கரி. பழைய டேர்போ எஞ்சினில் அக்சிலேற்றரைச் சடுதியாக மிதிக்கும்போது ஒரு கணம் கறுப்பாக ஊதி உடனே தெளிந்தால் பயப்பட வேண்டியதில்லை. டேர்போ வேகம் பிடிக்க ஒரு கணம் எடுக்கும். அதற்கிடையில் டீசல் முந்திவிடுகிறது, அவ்வளவுதான். பாரத்துடன் போகும்போது தொடர்ந்து கறுப்பாக வந்தால் கீழே உள்ள ஒழுங்கில் பாருங்கள்.

முதலாவது, எயர் பில்டர். வன்னியின் கிறவல் வீதித் தூசும், அறுவடைக் காலத்துச் சப்பியும் உமித்தூசும் இதனை விரைவில் அடைத்துவிடும். கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவாவிட்டால் மாற்றுங்கள். கடதாசிப் பில்டரைத் தண்ணீரிலோ பெற்றோலிலோ கழுவ வேண்டாம். காற்றடித்துத் துப்புரவாக்குவதானால் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக அடிக்க வேண்டும்.

இரண்டாவது, டேர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் றப்பர் குழாய். அது வெடித்திருந்தால் அல்லது கிளிப் இளகியிருந்தால் நெருக்கிய காற்று வழியிலேயே போய்விடும். அக்சிலேற்றரை மிதிக்கும்போது "ஸ்" என்ற ஒலி கேட்கும், இழுவை குறையும், வெடித்த இடத்தைச் சுற்றி ஒயிலும் தூசும் கலந்து கறையாகப் படிந்திருக்கும். இதற்கு ஒரு கிளிப் அல்லது ஒரு குழாய்தான் மருந்து. இதே அறிகுறியைப் பார்த்து டீசல் பம்பைக் கழற்றியவர்களும் உண்டு.

மூன்றாவது, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். அது பூந்தூறலாகத் தெளிக்காமல் சொட்டுச் சொட்டாக விழுத்தினால் கரி கூடும். இதனைச் சோதிக்கும் கருவி டீசல் பம்ப் வேலை செய்யும் இடங்களில் இருக்கும்.

நான்காவது, பம்பின் திருகாணியைத் திருப்பி டீசலைக் கூட்டிவிடும் பழக்கம். "நல்லாக இழுக்கும்" என்று சொல்லிச் செய்கிறார்கள். இழுக்கும்தான். ஆனால் புகையின் வெப்பம் அளவுக்கு மீறி ஏறி, நாளடைவில் டேர்போவையும் ஹெட்டையும் வெடிக்கச் செய்யும்.

வெள்ளைப் புகை: டீசலா, தண்ணீரா?

மார்கழி தை மாதங்களின் குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடங்கள் வெள்ளையாக வருவதும் குழாயிலிருந்து நீர்த்துளி விழுவதும் வழமை. எஞ்சின் சூடேறியபின்னும் நிற்காவிட்டால்தான் கவனிக்க வேண்டும். வெள்ளைப் புகையில் இரண்டு வகை உண்டு. இவற்றைப் பிரித்தறிவது மிக முக்கியம்.

முதல் வகை எரியாத டீசல். மூக்கில் ஏறும், கண் எரியும், புகை காற்றில் தங்கி நிற்கும். காலையில் ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்பட்டு, ஒரு சிலிண்டர் வேலை செய்யாததுபோல் எஞ்சின் உதறி, பின் சரியாகினால் பெரும்பாலும் ஹீற்றர் பிளக் பழுதாகியிருக்கும். தொடர்ந்து இருந்தால் இன்ஜெக்டர், பம்பின் டைமிங், அல்லது கம்பிரெஷன் குறைவு காரணமாகலாம்.

இரண்டாவது வகை நீராவி. இது சோற்றுப் பானையின் ஆவிபோலச் சிறிது தூரத்தில் கரைந்துவிடும். டீசல் மணம் இராது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுகிறது என்பது இதன் பொருள். ஹெட் காஸ்கெட் எரிந்திருக்கலாம், அல்லது ஹெட் வெடித்திருக்கலாம். வேறு அடையாளங்களும் கூட வரும்: றேடியேற்றரில் தண்ணீர் காரணமின்றிக் குறையும், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே மேல் றப்பர் குழாய் கல்லுப்போல் இறுகும், ஒயில் பால்தேநீர் நிறத்துக்கு மாறும். இந்த அடையாளங்களைக் கண்டால் ஒரு மைல்கூட ஓடவேண்டாம். இப்போதே நிறுத்தினால் காஸ்கெட்டுடன் முடியக்கூடிய செலவு, ஓடினால் எஞ்சின் முழுவதையும் விழுங்கும். சூடான றேடியேற்றர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடித்துவிடும்.

இங்கே ஒரு சொல். எமது கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினநீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பெண்கள் நன்கு அறிவார்கள். அதே படிவு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. டேர்போ எஞ்சின் கூடுதலாகச் சூடாகும் எஞ்சின். அதற்குக் கூலன்ட் கலந்த நல்ல நீரே பொருத்தம்.

நீலப் புகை: ஒயில் எரிகிறது

நீலம் அல்லது நீலம் கலந்த சாம்பல் நிறப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். கருகிய எண்ணெய் மணம் வரும். எமது குடும்பங்கள் அதிகம் பணம் இழப்பது இந்த நிறத்தில்தான். ஏனெனில் ஒயில் எரிவதற்கு வழிகள் பல. எல்லாவற்றுக்கும் நிறம் ஒன்றே. ஆகவே இங்கே நிறத்தைவிட நேரத்தைக் கவனிக்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒருமுறை ஊதிப் பின் நின்றுவிட்டால், வால்வு சீல் தேய்ந்து இரவில் ஒயில் கசிந்திருக்கலாம். இது அவசரமற்ற வேலை.

பாரம் கூடக் கூடப் புகையும் கூடி, ஏற்றத்தில் இழுவை குறைந்து, ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து பலமாக ஊதினால், பிஸ்டன் றிங்கையும் சிலிண்டரையும் சந்தேகிக்கலாம்.

எஞ்சினைச் சற்று நேரம் வெறுமனே ஓடவிட்டுப் பின் மிதிக்கும்போது பெரும் புகையாக வந்தால், அல்லது இழுவை குறைந்து டேர்போவிலிருந்து புதிதாக ஊளையிடும் ஒலியும் வந்தால், டேர்போப் பக்கம் பார்க்க வேண்டும்.

ஆனால் டேர்போ ஒயிலைக் கக்குகிறது என்பதால் டேர்போ பழுது என்று முடிவு கட்டக் கூடாது. குசினித் தொட்டியில் தண்ணீர் தேங்கினால் நாம் தொட்டியை மாற்றுவதில்லை. கான் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கிறோம். அதுபோல முதலில் இந்த நான்கையும் பாருங்கள்.

ஒன்று, ஒயில் அளவு. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டிச் சில நிமிடம் கழித்து, அளவுக் கம்பியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே நின்றால் அதுவே புகைக்குக் காரணமாகலாம்.

இரண்டு, எயர் பில்டர். அது அடைபட்டால் டேர்போ காற்றுக்குப் பதிலாகத் தன் சீலைத் தாண்டி ஒயிலை உறிஞ்சும். ஆகவே அடைபட்ட பில்டர் கறுப்புப் புகையையும் தரலாம், நீலப் புகையையும் தரலாம்.

மூன்று, டேர்போவிலிருந்து ஒயில் வடியும் குழாய். நெளிந்து நசுங்கியிருக்கலாம். ஒயிலை உரிய காலத்தில் மாற்றாத எஞ்சினில் உள்ளே கரி பிடித்து ஓட்டை சுருங்கியிருக்கலாம்.

நான்கு, பிறீதர் என்று சொல்லும் எஞ்சினின் மூச்சுக் குழாய். எந்த நல்ல எஞ்சினிலும் பிஸ்டனைத் தாண்டிச் சிறிதளவு காற்று ஒயில் தொட்டிக்குள் இறங்கும். அது வெளியேறும் வழி இந்தக் குழாய். இது அடைபட்டால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் டேர்போவின் ஒயில் கீழே வடிய முடியாது.

இந்த நான்கும் சரியென்றால்தான் டேர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே மெல்லிய ஒயில் பூச்சு இருப்பது வழமை. குட்டையாகத் தேங்கி நிற்பது வழமையல்ல. எஞ்சின் நின்று ஆறியபின் சக்கரத்தை விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். சக்கரத்தின் இதழ் சுற்றியுள்ள கூட்டில் உரசினாலோ, தண்டு முன்னும் பின்னும் தெளிவாக அசைந்தாலோ, இதழ்கள் உடைந்திருந்தாலோதான் டேர்போ பழுது. எஞ்சின் ஓடும்போது அந்த வாயருகே கையையோ துணியையோ கொண்டுபோகக் கூடாது.

பெற்றோலில் ஓடும் சிறிய டேர்போ வான்களுக்கும் இதே பாடம் பொருந்தும். நீலம் ஒயில், கரையும் வெள்ளை தண்ணீர். கறுப்பு என்றால் பெற்றோல் அளவுக்கு மேல் போகிறது; அங்கே காற்று வழியுடன் சென்சர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

அந்த வானுக்கு நடந்தது

மூன்று குடும்பங்களும் கடன் எடுக்குமுன் வவுனியாவில் டீசல் வேலையில் அனுபவமுள்ள ஒரு முதியவரிடம் வானைக் காட்டச் சொன்னோம். அவர் ஒரு சாவியையும் எடுக்குமுன் கேட்ட கேள்வி: "தம்பி, வான் எவ்வளவு காலம் ஓடாமல் நின்றது?" பிறகு கீழே படுத்துப் பார்த்தார். முன்னர் எப்போதோ யாரோ மூச்சுக் குழாயைக் காற்றுக் குழாயிலிருந்து கழற்றி, அங்கிருந்த துளையை ஒரு கட்டையால் அடைத்து, குழாயைக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். வான் மாமரத்தின் கீழ் நின்ற கிழமைகளில் ஒரு குளவி அந்தக் குழாய்க்குள் மண்கூடு கட்டிவிட்டது.

மூச்சு அடைபட்டதால் தொட்டிக்குள் அழுத்தம் ஏறியது. அதனால்தான் ஒயில் மூடியைத் திறந்தபோது அப்படி ஊதியது. அதைப் பார்த்த முதல் கராஜ் றிங் என்றது. அதே அழுத்தத்தால் டேர்போவின் ஒயில் வடியாமல் சீலைத் தாண்டியது. அதைப் பார்த்த இரண்டாவது கராஜ் டேர்போ என்றது. இரண்டு பேரும் கண்ணால் கண்டது உண்மை, காரணத்தைத்தான் தேடவில்லை.

முதியவர் மண்ணைக் குத்தி எடுத்து, குழாயைக் கழுவி, உரிய இடத்தில் பூட்டினார். காற்றுக் குழாயில் தேங்கிய ஒயிலைத் துடைத்தார். நான்கு சிலிண்டரின் கம்பிரெஷனையும் அளந்து காட்டினார். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. சைலன்சரில் தங்கியிருந்த ஒயில் எரிந்து முடியும்வரை ஓரிரு நாள் புகைத்து, பின்னர் நின்றது. எஞ்சினும் இறங்கவில்லை, டேர்போவும் மாறவில்லை.

எல்லாக் கதையும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. ஒட்டுசுட்டான் பக்கத்தில் ஒரு சிறு லொறிக்கும் இதேபோல நீலப் புகை வந்தது. மூச்சுக் குழாயையும் வடிகுழாயையும் நம்பிக்கையோடு பார்த்தோம்; இரண்டும் துப்புரவாக இருந்தன. இரண்டு சிலிண்டர்களில் கம்பிரெஷன் வெகுவாகக் குறைந்திருந்தது. கிழிந்த எயர் பில்டருடன் ஒரு கோடை முழுவதும் மணல் ஏற்றியதன் பலன் அது. எஞ்சினை இறக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் எதற்காகச் செலவழிக்கிறோம் என்று தெரிந்து செலவழித்தார்கள்.

மண்ணெண்ணெய்க் காலப் பழக்கம்

1990 முதல் வன்னிக்கு எரிபொருள் தடை இருந்த ஆண்டுகளை எமது மூத்தவர்கள் மறக்கவில்லை. சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பின் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எண்ணெய் கலந்தும் ஓட்டினோம். ஏ-9 வீதி 2002 ஏப்ரலில் திறக்கும்வரை எமது வீதிகளில் அந்தப் புகை மணந்தது. அது எமது மக்களின் கெட்டித்தனம். உலகில் அது புதுமையும் அல்ல; 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடிக்காட்டப்பட்டது.

ஆனால் அன்றைய எஞ்சின்கள் பொறுத்துக்கொண்டதை இன்றைய டேர்போ எஞ்சின்கள் பொறுக்க மாட்டா. டீசல் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே மசகு. மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புக் குறைவு, பம்ப் தேய்ந்துவிடும். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது கலப்பதால் வந்த இலாபமும் சுருங்கிப்போயிற்று. தட்டுப்பாட்டுக் காலத்தின் கெட்டித்தனத்தை வழமையான காலத்தின் பழக்கமாக வைத்திருக்க வேண்டாம்.

எஞ்சின் நிற்க மறுத்தால்

டேர்போவின் சீல் முற்றாக விட்டுவிட்டால் ஒயில் நேராக எஞ்சினுக்குள் போகும். டீசல் எஞ்சினுக்கு அந்த ஒயிலே எரிபொருளாகிவிடும். திறப்பைத் திருப்பி நிற்பாட்டினாலும் நிற்காது. வேகம் ஏறிக்கொண்டே போகும். வீதியெல்லாம் புகை சூழும். அந்நேரம் பதறாமல், பிறேக்கை முழுப் பலத்துடன் மிதித்து, மிக உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சை விட்டு எஞ்சினைத் திணறச் செய்து நிறுத்த வேண்டும். ஓட்டோ கியர் வாகனத்தில் இது முடியாது. காற்று உள்ளே போகும் வாயை ஒரு தட்டைப் பலகையால் இறுக மூடினாலும் நிற்கும். கையால் மூடக் கூடாது. கிட்டப் போக முடியாத வேகமாகிவிட்டால் எல்லோரையும் இறக்கித் தூர விலகுங்கள். வான் போனால் இன்னொன்று வாங்கலாம். எனவே காற்றுக் குழாயில் ஒயில் தேங்குவதைக் கண்டும் "பிறகு பார்ப்போம்" என்று ஓடாதீர்கள். புகைப் பரிசோதனைக்குப் போகுமுன்னும் இதனைப் பாருங்கள். அங்கே டீசல் எஞ்சினை முழு வேகத்துக்கு மிதித்தே அளக்கிறார்கள்.

புகையைச் சோதிப்பதும் வெளியில்தான் நடக்க வேண்டும். மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012இல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களின் முதலாம் தொகுதியில் சேர்த்தது. வானின் பின்னால் மூட்டைகளுடன் பிள்ளைகளும் ஏறுகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கராஜுக்குப் போகும்போது

ஒரு கொப்பியில் ஐந்து விடயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: புகையின் நிறம், மணம், எந்த நேரத்தில் வருகிறது, ஒரு கிழமையில் எவ்வளவு ஒயிலும் தண்ணீரும் விட்டீர்கள், புகை தொடங்குமுன் வாகனத்துக்கு என்ன நடந்தது, என்ன வேலை செய்வித்தீர்கள்.

அங்கே மூன்று கேள்விகளை மரியாதையாகக் கேளுங்கள். "அண்ணை, எயர் பில்டரும் மூச்சுக் குழாயும் பார்த்தீர்களா?" "கம்பிரெஷனை அளந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் என்ன வந்தது என்று காட்டுவீர்களா?" "டேர்போவை மாற்றினால், பழையது ஏன் பழுதாயிற்று?" மூன்றாவது கேள்வி மிக அவசியம். ஒயில் வழி அடைபட்டதால் பழைய டேர்போ செத்திருந்தால், புதியதும் அதே வழியில்தான் போகும். நல்ல தொழிலாளி இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். எமது பகுதியில் அப்படியானவர்கள் பலர் இருக்கிறார்கள்.

டேர்போ நீடித்து உழைக்கப் பழக்கங்கள் மூன்று போதும். ஸ்டார்ட் செய்தவுடன் மிதிக்காமல் அரை நிமிடம் விடுங்கள், ஒயில் மேலே ஏறட்டும். பாரத்துடன் ஓடி வந்தபின் உடனே நிற்பாட்டாமல் ஒன்றிரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். இல்லையேல் சூடான டேர்போவுக்குள் நின்ற ஒயில் கருகிவிடும். ஒயிலையும் ஒயில் பில்டரையும் கைநூலில் சொன்ன காலத்தில், சொன்ன தரத்தில் மாற்றுங்கள்.

அந்த மூன்று குடும்பங்களின் வானில் இப்போது முன் கண்ணாடியின் கீழ் ஒரு கொப்பி இருக்கிறது. ஒயில் விட்ட நாள், பில்டர் மாற்றிய நாள், புகை கண்ட நாள் எல்லாம் அதில் உண்டு. எழுதுபவர் பதினொராம் வகுப்பில் படிக்கும் மூத்த மகள். உங்கள் வீட்டு வாகனத்துக்கும் இன்றே ஒரு கொப்பி வையுங்கள். அதன் முதற் பக்கத்தில் மூச்சுக் குழாய் எங்கே இருக்கிறது என்று படம் கீறி வையுங்கள்.